மரக்கிளையில் ஆண்டெனா ஏற்றும் காற்றுக்கருவி: நீலகிரியில் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலி அலைவழியே பேசுவது) உரிமம் பெற்று நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டெனாவுக்கென்று இரும்புக் கம்பம் நட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சில்வர் ஓக், சைப்ரஸ், கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) என்று இருபது மீட்டருக்கும் மேலாக வளர்ந்த மரங்கள் வீட்டைச் சுற்றியே நிற்கின்றன. அந்த உயரத்திலுள்ள கிளைக்குக் கயிற்றை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். இதற்காகக் குன்னூரில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் கையால் செய்து கொடுத்த காற்றுவிசைக் கருவியைச் சில காலமாகக் கோத்தகிரிப் பகுதியில் பயன்படுத்தி வருகிறேன். செய்து வைத்துக்கொள்ளத் தகுந்த கருவி என்பதே என் முடிவு. ஆனால் பரவலாகப் பேசப்படும் முழு பி.வி.சி. வடிவத்தில் இதைச் செய்யக் கூடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

உயரம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நம் நாட்டில் அமெச்சூர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, 40 மீட்டர் அலைவரிசையில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதற்கான அரையலை டைபோலின், அதாவது அலையின் பாதி நீளமுள்ள கம்பி ஆண்டெனாவின், நீளம் சுமார் 20 மீட்டர். அதைத் தரையிலிருந்து எட்டு, பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை பெரும்பாலும் நேர் மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சென்னை, மதுரை, பெங்களூரு போன்ற நடுத்தரத் தொலைவு ஊர்களில் நன்றாகக் கேட்கும். கடல் கடந்து பேச வேண்டுமானால் அலை தாழ்ந்த கோணத்தில் புறப்பட வேண்டும். அதற்கு உயரம் 20 மீட்டரை நெருங்க வேண்டும். நம் மலைச் சரிவு இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது. தரை சரிந்து இறங்கும் திசையில் அலையின் புறப்பாட்டுக் கோணம் தானாகவே தாழ்கிறது. கோத்தகிரியின் கிழக்குச் சரிவில் மேட்டுப்பாளையத்தைப் பார்த்தபடி வீடு அமைந்தவர்களுக்குப் பதினைந்து மீட்டர் உயரமே இரண்டு வகைப் பேச்சுக்கும் போதுமானதாக அமைந்துவிடுகிறது. அந்தப் பதினைந்து மீட்டரை எட்டத்தான் இத்தனை பாடு.

இதற்கு மற்ற வழிகளும் உண்டு. கயிற்றில் கல்லைக் கட்டிக் கையால் எறிந்தால் கை பழகியவருக்குப் பத்து மீட்டர் கிடைக்கும். உண்டிவில்லோடு தூண்டில் ரீலைச் சேர்த்துக் கட்டிய கருவி மலிவானது, எடையற்றது. ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் விசை மாறுவதால் குறித்த கிளைக்குப் பக்கத்துக் கிளையில்தான் நூல் விழுகிறது. மரம் ஏறத் தெரிந்த தொழிலாளியை அழைப்பது பழைய வழி. வழவழப்பான கற்பூர மரத்தில், அதுவும் மழையில் நனைந்த தண்டில், ஒரு கம்பிக்காக மனிதரை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டிரோனுக்கு மூடுபனியும் பிற்பகல் காற்றும் எதிரிகள். கிளைகளுக்கு நடுவே அது நூலோடு சிக்கினால் மீட்பதற்கு மறுபடியும் மரம் ஏற வேண்டியதுதான்.

காற்றுக்கருவியின் அமைப்பு எளிது. காற்றை அடைத்து வைக்க ஒரு லிட்டர் அளவுள்ள கலன், அதன் வாயில் ஒரு வால்வு, வால்வுக்கு அப்பால் ஒரு மீட்டர் நீளக் குழல், குழலுக்குள் எடை சேர்த்த டென்னிஸ் பந்து, பந்திலிருந்து குழலின் வாய்வழியே வெளியே வந்து பக்கத்திலுள்ள தூண்டில் ரீலில் சேரும் தங்கூஸ் நரம்பு, அவ்வளவுதான். கலனில் டயர் ட்யூப் வால்வு ஒன்றும் பிரஷர் கேஜ் ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கின்றன. சாதாரண சைக்கிள் பம்பால் காற்றடிக்கலாம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கோவையில் அடிப்பதைவிட இங்கே பம்பைக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். அது பம்பின் பழுதன்று.

இந்தக் கருவியின் உயிர் வால்வில் இருக்கிறது. சாதாரணப் பந்து வால்வைக் கையால் திருகித் திறந்தால், அது முழுதாகத் திறப்பதற்குள் காற்று டென்னிஸ் பந்தைச் சுற்றிக் கசிந்து போய்விடும். பந்து குழலை விட்டுச் சோம்பலாக வெளியேறி முற்றத்திலேயே விழும். நண்பர் இங்கே பொருத்தியிருப்பது தோட்டங்களில் தெளிப்புநீர்ப் பாசனத்துக்குப் பயன்படும் ஓர் அங்குல டயாஃப்ரம் வால்வு. மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் பாசனச் சாமான் விற்கும் கடைகளில் இது கிடைக்கிறது. இதன் உள்ளே ஒரு ரப்பர் தகடு வால்வின் வாயை மூடியபடி உட்கார்ந்திருக்கும். கலனின் காற்று ஒரு மிகச் சிறிய துளைவழியே அந்தத் தகட்டின் மேற்புறத்துக்கும் செல்வதால், மேலும் கீழும் ஒரே அழுத்தம் நிலவும். ஆனால் மேற்புறத்தில் அந்த அழுத்தம் தகட்டின் பரப்பு முழுவதிலும் படுகிறது, கீழ்ப்புறத்தில் வாயைச் சுற்றியுள்ள வளையத்தில் மட்டுமே படுகிறது. எனவே தகடு அழுந்தி மூடியே இருக்கும். மேற்புறக் காற்றைத் திடீரென வெளியேற்றினால் கீழிருக்கும் அழுத்தம் தகட்டைத் தூக்கி எறிந்துவிடும், கலனின் காற்று முழுவதும் ஒரே மூச்சில் குழலுக்குள் பாயும்.

தண்ணீருக்காக இந்த வால்வோடு வரும் மின்சாரச் சோலனாய்டு (மின்காந்தத்தால் திறக்கும் சிறு அடைப்பான்), மேற்புறக் காற்றை ஓர் ஊசித் துளைவழியேதான் வெளியேற்றும். பாசனத்துக்கு அந்த நிதானம் நல்லது, குழாயில் அதிர்ச்சி ஏற்படாது. பந்தை எறிவதற்கு அது போதாது. நண்பர் அந்தச் சோலனாய்டைக் கழற்றிவிட்டு, வால்வின் மூடியில் கால் அங்குலத் துளையிட்டு மரை வெட்டி, பட்டறைகளில் தூசி ஊதப் பயன்படும் ஏர் கன்னைக் குட்டையான ஒரு ஹோஸின் முனையில் பொருத்தியிருக்கிறார். அதன் விசையை அழுத்தியதும் மேற்புறக் காற்று ஒரு சீறலோடு வெளியேறுகிறது, அடுத்த கணமே தொண்டையைக் கனைத்தாற்போன்ற ஒரு முழக்கத்தோடு பந்து கிளம்பிவிடுகிறது. ஹோஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு கூடுதல் காற்றை வெளியேற்ற வேண்டியிருப்பதால் வால்வு திறப்பதும் அவ்வளவு தாமதமாகும். ஆகவே விலகி நிற்கும் ஆசையில் நீண்ட ஹோஸ் பொருத்துவதில் பயனில்லை. அரை மீட்டர் போதும். வாங்கிய வால்வைப் பிரித்து மூடியில் மரை வெட்டும் இந்த ஒரு வேலையைத்தான் லேத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்ய வேண்டும், மற்றவற்றை எந்த பிளம்பரும் பூட்டிவிடுவார்.

கலனைப் பற்றி விரிவாகவே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் உருவாகிப் பரவிய வடிவங்கள் பலவற்றில் கலனும் பி.வி.சி. குழாய்தான். குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைப் பார்த்து, நாம் அடிப்பது அதில் பாதிகூட இல்லையே என்று பலர் துணிகிறார்கள். அந்த அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் அழுத்தினால் சுருங்குவதில்லை, குழாய் விரிசல் கண்டதும் அழுத்தம் அங்கேயே இறங்கிவிடும். காற்றோ சுருங்கி உள்ளே விசையைச் சேமித்து வைத்திருக்கிறது. குழாய் உடைந்தால் காற்று விரிந்துகொண்டே துண்டுகளை நாலாபக்கமும் வீசி எறியும், அந்தத் துண்டுகள் கத்தி முனைபோலக் கூரானவை. குளிரில் பி.வி.சி. இன்னும் எளிதில் நொறுங்கும், வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அப்படியே. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படியும் காலை நேரத்தில்தான் காற்று அடங்கி, வானம் தெளிந்து, ஆண்டெனா ஏற்றத் தோதான வேளை வாய்க்கிறது; பி.வி.சி. கலனுக்கு அதைவிட மோசமான வேளை வேறில்லை.

நண்பர் செய்த கலன் இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஏறக்குறைய ஒரு முழ நீளத்தில் வெட்டி, இரு முனையிலும் மரை போட்டு மூடியிட்டது. ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தர விதியின்படி இத்தகைய குழாய்கள் 5 மெகாபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 50 பார் நீரழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன. நாம் பயன்படுத்துவது 3 பாருக்குள், அதாவது 40 பி.எஸ்.ஐ. அளவில்தான். இதற்கு மேலும் 4 பாரில் தானே திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வு ஒன்றும் இருக்கிறது. இந்தச் சிறு பித்தளைச் சாமானை விட்டுவிட்டுக் காசை மிச்சம் பிடிப்பது மடமை. குழல் மட்டும் 75 மி.மீ. பி.வி.சி. குழாய்தான். அதன் ஒரு முனை திறந்தே இருப்பதால் அழுத்தம் அதில் கணப்பொழுதுக்கு மேல் நிற்பதில்லை. அதற்கும் தார்ப்பாய்த் துணியை இரண்டு சுற்று ஒட்டிச் சுற்றியிருக்கிறார், நல்ல ஏற்பாடு. இரும்புக் கலனால் கருவி கனக்கிறது, தோளில் வைத்துக் குறிபார்க்க முடியாது. மூன்று கால் இரும்புச் சட்டத்தில் நிறுத்தித் தரையில் வைத்துத்தான் இயக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. முகத்துக்குப் பக்கத்தில் கலனை வைத்துக்கொள்ளும் வாய்ப்பையே இந்த எடை இல்லாமல் செய்துவிடுகிறது என்பதால் எனக்கு இது கருவியின் சிறப்பாகவே படுகிறது.

பந்தின் பொருத்தம் இந்தக் கருவியில் சற்றுப் பலவீனமான இடம். டென்னிஸ் பந்தின் விட்டம் ஆறரை செ.மீ.க்குச் சற்று மேல். நம் ஊர் 63 மி.மீ. குழாயில் அது நுழையாது, 75 மி.மீ. குழாயில் தளர்வாக ஓடும். தளர்ந்த இடைவெளியில் காற்று வீணாகாமல் இருக்கப் பந்துக்குப் பின்னால் தடித்த ஸ்பாஞ்ச் வட்டம் ஒன்றை நுழைக்கிறோம். அது நனைந்தால் உப்பிக் குழலில் சிக்கும். வெறும் பந்து 58 கிராம் அளவில்தான் இருக்கும், கிளையைத் தாண்டியபின் நரம்பை இழுத்துக்கொண்டு கீழே இறங்க அந்த எடை போதாது. பந்தைக் கீறி மணல் நிரப்பித் தைத்து 150 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தபின்தான் அது இலைகளை ஊடுருவித் தரைக்கு வந்து சேர்கிறது.

இப்படி எடை கூட்டிய பந்து கிரிக்கெட் பந்தைப் போன்றது. அது 25 மீட்டர் உயரம் செல்ல வேண்டுமானால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காமலே, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் குழலை விட்டுக் கிளம்ப வேண்டும். தலையில் பட்டால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மரத்துக்கு அப்பால் பந்து விழும் இடத்தில் ஆள், மாடு, வீட்டுக் கூரை, சாலை எதுவும் இருக்கக் கூடாது. தேயிலைச் செடிகளுக்குள் இலை பறிக்கக் குனிந்திருப்பவர்கள் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை, எனவே வேலை இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வதே முறை.

கருவியின் உண்மையான பயன், அது எட்டும் உச்ச உயரத்தைவிட, விசையை அளந்து கொடுக்க முடிவதில்தான் தெரிகிறது. கேஜில் ஒரே அளவு காட்டும்வரை அடித்தால் ஒரே உயரம் கிடைக்கிறது; பந்து கிளைக்குக் கீழே போனால் சற்றுக் கூட்டலாம், மேலே போனால் குறைக்கலாம். உண்டிவில்லில் இந்த வசதி இல்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின் மூன்றாவது கவட்டையைக் குறித்துக்கொண்டு 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கினோம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டக் காவலாளி, "அந்தக் கிளை வேணாங்க சார், அதுக்குப் பின்னால பெருந்தேனீ அடை தொங்குது, இங்க இருந்து பார்த்தாத் தெரியாது" என்றார். சுற்றிப் போய்ப் பார்த்தபோது கிளையின் அடிப்புறத்தில் கரும்பழுப்பாக, ஒரு கைமுறத்தின் அகலத்தில் அடை தொங்கியது. அதன்மேல் பந்து பட்டிருந்தால் அந்தச் சரிவிலிருந்து யாரும் எளிதில் தப்பியிருக்க முடியாது. அன்று வேறு மரத்துக்கு மாறினோம். எந்த மரமானாலும் நான்கு பக்கமும் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்தபிறகே கருவியைப் பூட்ட வேண்டும் என்பதை இந்த மலையில் விதியாகவே கொள்ளலாம்.

மரங்களில் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது சில்வர் ஓக். கிளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், இலை அடர்த்தி குறைவு, பந்து தடையின்றி இறங்கும். 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கற்பூர மரம் உயரத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. ஆனால் அதன் பட்டை நாடா நாடாக உரிந்து தொங்குவதால் நரம்பு அதில் மாட்டிக்கொள்கிறது, கிளையும் காற்றில் திடீரென ஒடியக்கூடியது. சைப்ரஸின் அடர்த்தியான இலைக்குள் நுழைந்த பந்து பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. சீகை மரத்தை (வாட்டில்) நம்பவே கூடாது, ஆழமில்லாத வேரோடு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். சோலைக் காட்டு மரங்களைத் தொடவே வேண்டாம்.

சிக்கிக்கொண்ட பந்தை எப்படி மீட்பது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தங்கூஸ் நரம்பு ரப்பரைப் போல நீளக்கூடியது. பலங்கொண்ட மட்டும் இழுத்தால் பந்து விடுபட்டதும் இழுத்தவர் முகத்தை நோக்கியே பாய்ந்து வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, பக்கவாட்டில் நின்று மெதுவாக ஆட்டிப் பார்க்கலாம். வராவிட்டால் வேறு கோணத்திலிருந்து முயல வேண்டும். கடைசியில் அறுக்க நேர்ந்தாலும் தரையை எட்டும் நரம்பு முழுவதையும் சுருட்டி எடுத்துவிட வேண்டும், மரத்தில் விடப்படும் நரம்பில் பறவைகளின் கால்கள் சிக்கிச் சாகின்றன.

மின்கம்பி செல்லும் பக்கம் இந்தக் கருவியைத் திருப்பவே கூடாது. தேயிலைத் தோட்டங்களுக்கு மேலாக 11 கிலோவோல்ட் கம்பிகள் உறையில்லாமல் செல்கின்றன, நனைந்த நூலும் மின்சாரத்தைக் கடத்தும். பறக்கும் பந்து எவ்வளவு நரம்பை இழுத்துச் செல்லக்கூடுமோ அவ்வளவு தூரத்துக்குள் மின்கம்பி இல்லாத இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது துப்பாக்கியாகவே தோன்றும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 31-ஆம் பிரிவின்படி எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. எறிகருவி ஆயுதம்தானா என்று வனத்துறையினரோடு காட்டுக்குள் நின்று வாதாடும் நிலைக்குப் போகாமல், சொந்தப் பட்டா நிலத்தில், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு மட்டுமே இதைப் பயன்படுத்துவது நல்லது.

நரம்பு கிளையைத் தாண்டி இறங்கியபின் வேலை சுலபம். அதன் முனையில் கொத்தனார்கள் பிடிக்கும் நைலான் நூலைக் கட்டி இழுத்து, அந்த நூலால் நாலு மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றை ஏற்ற வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு மலை வெயிலில் சீக்கிரமே பொடியாக உதிரும், அதை வாங்க வேண்டாம். மரம் ஆடும்போது கம்பி அறுந்துவிடாமல் இருக்க, கயிற்றின் கீழ் முனையை இறுகக் கட்டாமல் ஒரு கப்பியில் போட்டு, மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிட வேண்டும். ஜூன், ஜூலைக் காற்றில் அந்தக் கேன் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே மரத்தின் ஆட்டம் புரிந்துவிடும். கேனும் கயிறும் ஆள் உயரத்துக்கு மேலேயே நிற்க வேண்டும், இரவில் தோட்டத்துக்குள் மேய வரும் காட்டெருமையின் கொம்பில் தாழ்ந்த கயிறு மாட்டிக்கொண்டால் ஆண்டெனாவோடு அந்த விலங்குக்கும் ஆபத்து. இடி மின்னல் காலத்தில் கேபிளை வானொலியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும் என்பது தனியே சொல்லாமலே தெரிந்ததுதான்.

செலவு, லேத் கூலியைச் சேர்க்காமல், ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. ஆண்டுக்கு ஒரு முறை ஆண்டெனா கட்டும் தனி ஆளுக்கு இது அதிகம்தான், அவர் உண்டிவில்லும் பொறுமையும் கொண்டே சமாளிக்கலாம். ஆனால் ஒரு வட்டாரத்தில் நாலைந்து ஹாம்கள் இருந்தால் பொதுவில் ஒன்று செய்து வைத்துக்கொள்வது பொருந்தும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அத்தகைய நாளில் மின்சாரமும் செல்பேசியும் அற்றுப்போன ஊரில், பேட்டரியில் ஓடும் வானொலிக்கு அரை மணி நேரத்துக்குள் பதினைந்து மீட்டர் உயரத்தில் கம்பி கட்டித் தர இந்தக் கருவியால் முடியும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியது கலனின் உட்புறம். மூடுபனிக் காற்றைப் பம்பால் அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் கலனுக்குள் நீராகப் படிகிறது, ஜி.ஐ. பூச்சும் மரை வெட்டிய இடங்களில் இருப்பதில்லை. பயன்படுத்தி முடித்ததும் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுக் கீழ் மூடியிலுள்ள சிறு திருகைக் கழற்றி நீரை வடித்துவிட வேண்டும். காற்றடித்த நிலையில் வண்டியில் ஏற்றவே கூடாது. மழைக்காலம் முடிந்ததும் சேஃப்டி வால்வைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு, கலனில் ஒரு துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, பிளம்பர்கள் வைத்திருக்கும் கை டெஸ்ட் பம்பால் 8 பார் வரை ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்கிறோம். முள் இறங்கினாலோ மரையோரம் ஈரம் கசிந்தாலோ அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டிப் பூட்டுவதுதான் சரி. அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.